புகை வெளியே, கொசு உள்ளே

ஆசிரியருக்கு வணக்கம்.

டெங்கு பற்றிய தங்கள் கட்டுரை, புகைமருந்து போதிய அளவு அடிப்பதில்லை என்று குறைப்பட்டிருந்தது. தினமும் அடித்தாலும் பெரிய பலன் இராது. காற்றில் மிதக்கும் துளி மேலே பட்டால்தான் கொசு சாகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணி மறைவிலும் உட்கார்ந்திருக்கிறது. புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாமும் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுவுக்கும் புகையால் ஒன்றும் ஆவதில்லை. வெப்பமான பருவத்தில் அது ஏழு, பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும்.

கட்டுரை சொல்லாமல் விட்டது முட்டையை. ஏடிஸ், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். கரித்தூள் போலக் கறுப்பாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராது. காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். அதனால் தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டுவது பாதி வேலைதான். வாரம் ஒரு முறை உட்சுவரை, முக்கியமாகத் தண்ணீர்க் கறை படிந்த கோட்டை, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கழுவிய நீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். பிரிட்ஜின் பின்னால் நீர் வடியும் தட்டுக்கும் இதே கவனிப்பு தேவை. அதை யாரும் இழுத்துப் பார்ப்பதே இல்லை.

காலி செய்ய முடியாத தொட்டிக்கு அபேட் எனப்படும் டெமிபாஸ் என்ற புழுக்கொல்லி மருந்து இருக்கிறது. 1 சதவீதக் குருணை என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம். அன்றைக்கு இருக்கும் தண்ணீரைப் பார்க்காமல், தொட்டியின் முழுக் கொள்ளளவுக்குக் கணக்கிட வேண்டும். 50 சதவீதத் திரவமும் விற்பனையில் உண்டு. குருணைக் கணக்கிலேயே அதை ஊற்றினால் மருந்து 50 மடங்காகிவிடும். குடிநீரில் இது விளையாட்டல்ல.

கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து மீனுக்கும் தேனீக்கும் தீங்கு செய்யாது. ஆனால் புழு தின்றால்தான் வேலை செய்யும். புழுவுக்கு அடுத்த பருவமான கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை. கால்புள்ளி வடிவில் சுருண்டு துள்ளுபவை தென்பட்டால் மருந்துக்குக் காலம் கடந்துவிட்டது. துணியில் வடிகட்டி எடுத்துவிடுவதே வழி.

கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனைக் குளங்களில் விடச் சொன்ன கட்டுரையின் யோசனை மட்டும் வேண்டாம். அது நாட்டு மீன் குஞ்சுகளையும் தவளை முட்டைகளையும் சேர்த்தே தின்னும். கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும் தட்டான் இளம்பூச்சிகளும் அதன் வாய்க்குத் தப்பாது.

இப்படிக்கு,
பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியில் உள்ள ஒரு வாசகர்