டிரில்லைச் சாணை பிடிக்கும் பயிற்சியை நீக்காதீர்கள்: தொழிற்பயிற்சிப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரங்களுக்கான வகுப்புகளுக்கு நேரம் தேடும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது துளையிடும் பாடம்தான். டிரில்லைக் கையால் சாணை பிடிப்பது இனித் தேவையில்லை, மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்தப் பயிற்சியை நீக்க வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பொதுவான எஃகு வேலைக்கு டிரில்லின் முனைக் கோணம் 118 பாகை, கடினமான எஃகுக்கு 135 பாகை என்று புத்தகம் சொல்லிவிடும். இரண்டு வெட்டு விளிம்புகளில் ஒன்று சற்றே நீண்டாலும் துளை பெரிதாகிவிடும் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் தான் தீட்டிய 10 மி.மீ. டிரில் ஒரு பக்கத்தில் மட்டும் உலோகச் சீவலைத் தள்ளுவதைப் பார்த்து, துளையை அளந்து, மறுபடியும் சாணைக்கல்லுக்குப் போன மாணவருக்குத்தான் அது கையில் தங்கும். விளிம்புக்குப் பின்னால் சரிவு போதாவிட்டால் டிரில் வெட்டாமல் தேய்க்கும். நடுவிலிருக்கும் உளி முனையோ உலோகத்தைச் சீவுவதில்லை, நெரித்துத் தள்ளுகிறது. பெரிய துளைக்கு முன் சிறிய துளை போடுவது அதனால்தான்.

சிஎன்சிக்கு இந்த அறிவு வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்றால் 10 மி.மீ. டிரில்லுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று. அதை யாரும் கணக்கிட்டுவிடலாம். துருப்பிடிக்காத எஃகில் ஃபீடு, அதாவது டிரில் உள்ளே இறங்கும் வேகம், குறைந்து டிரில் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் இறுகி, அடுத்த டிரில்லையும் தின்றுவிடும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. ஆழமான துளையில் சிஎன்சி நிரலின் ஜி83 கட்டளை டிரில்லை அவ்வப்போது வெளியே இழுத்துச் சீவலை அகற்றும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு இறங்க வேண்டும் என்று எழுதுவது மனிதர்தானே? சீவலைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாதவர் எதை வைத்து எழுதுவார்?

போட்ட துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் ரீமரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எச்7 என்ற அளவு வரம்பில் 10 மி.மீ. துளை 10.000 முதல் 10.015 மி.மீ. வரை இருக்கலாம். அந்த அளவை ரீமர் தந்துவிடும். ஆனால் கோணலாக இறங்கிய துளையின் வழியே அதுவும் கோணலாகவே போகும். இடம் பிசகியதைச் சரிசெய்ய, ஒற்றை முனைக் கருவியால் துளையைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் வேண்டும். பல மணி நேரம் உழைத்த வேலைப்பொருள் கடைசித் துளையில் வீணாவதைத் தடுக்கும் இந்த அறிவை, இரண்டு மதிப்பெண் வினாவோடு முடித்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவரும் மழுங்கிய டிரில் ஒன்றைத் தானே தீட்டி, துளையிட்டு, அளந்து காட்டட்டும். வேலைப்பொருளைப் பிடிப்புக் கருவியான வைஸில் இறுக்காமலோ, சுழலும் டிரில்லின் அருகே கையுறை அணிந்தோ நிற்பவருக்கு அந்தத் தேர்வில் தேர்ச்சி தர வேண்டாம். உள்ளே கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் பாயும், மிகக் கடினமான கார்பைடு டிரில்களையும் தாராளமாகப் பாடத்தில் சேருங்கள். அவை இந்தப் பயிற்சிக்குப் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
பணிமனைப் பயிற்றுநர் ஒருவர்