பாய் இறக்கிய நானாவுக்கு

அன்புள்ள நானா,

உங்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கிண்ணியாவில் உங்களைத் தெரியாதவர்கள் குறைவு. இதை வாசித்துவிட்டு நாலு பேர் வந்து துளைத்துத் துளைத்துக் கேட்பது உங்களுக்குப் பிடிக்காது. யூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் உங்கள் படகில் ஏறிய ஐந்து பேரில் ஒருவன் நான். மஞ்சள் தொப்பிக்காரன் இல்லை, சத்தி எடுத்தவனும் இல்லை. சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஓயாமல் கேள்வி கேட்டவன். கடைசியில் காசு கொடுக்கும் நேரத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் நின்றவனும் நான்தான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். மகள் போனில் வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன்.

முதலில், பிந்தி வந்தது. ஆறு மணிக்குத் துறையில் நிற்கச் சொன்னீர்கள். நாங்கள் வந்து சேர்ந்தது ஏழே முக்காலுக்கு. டோஹாவிலிருந்து வந்தவன் படுத்ததே விடிய மூன்று மணிக்கு. டொக்டரோ சோத்துப் பார்சல் இல்லாமல் படகில் கால் வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். விடியக் காலையில் திருகோணமலையில் எந்தக் கடையில் சோறு இருக்கும்? மூன்று கடை ஏறி இறங்கி, இடியப்பமும் சம்பலும் பத்து ரோல்ஸும் ஒரு பை கச்சானும் வாங்கிக்கொண்டு வந்தோம். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வானத்தை ஒருதரம் பார்த்தீர்கள், கரையில் நின்ற தென்னைகளின் தலையைப் பார்த்தீர்கள், "சரி, ஏறுங்க" என்றீர்கள். நாங்கள் தொலைத்தது ஒன்றே முக்கால் மணித்தியாலம் மட்டும் என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன்.

போக வேண்டிய இடம் புறாத்தீவு. புத்தியுள்ளவர்கள் நிலாவெளிக்குப் போய் அங்கிருந்து எஞ்சின் படகில் போவார்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். பவளப்பாறைக்கு மேலே மிதந்து, செட்டை நுனி கறுத்த சுறாக்குஞ்சுகளைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். 1963 இல் சரணாலயமாக்கி, 2003 இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் அது. எங்களுக்கு அது போதவில்லை. உள்துறைமுகத்திலிருந்து பாய் விரித்தே போகவேண்டும், கோணேசர் மலையைக் கடலிலிருந்து பார்க்கவேண்டும், படம் எடுக்கவேண்டும். ஐந்து பேருக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது. ஐந்து பேரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவன்கூட அதுவரை பாய்ப்படகில் ஏறியதில்லை. இதை உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் கொழும்பிலிருந்து வருகிறோம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தோம்.

உங்கள் படகைக் கட்டமரான் என்கிறார்கள். கட்டுமரம் என்ற நம்முடைய சொல்லை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டுபோய், இரண்டு உடம்பும் நடுவில் ஒரு தட்டுமாகப் படகு செய்து, சொல்லையும் நெளித்துத் திருப்பித் தந்திருக்கிறான். இரண்டு உடம்பு இருப்பதால் ஆடாது என்று வங்கிக்காரன் எங்களுக்குத் தைரியம் சொன்னான். அதைக் கேட்டு உங்கள் கையாள் பொடியன் சிரித்ததை நான் கண்டேன்.

ஒஸ்டன்பேர்க் முனையைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தினீர்கள். அந்த நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை. எஞ்சின் ஓய்ந்ததும் முதலில் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. பிறகு மெல்ல மெல்ல, அணியத்தில் தண்ணீர் கிழிபடுகிற சத்தம், கயிறு முனகுகிற சத்தம், பாய் ஒருதரம் படபடத்து அடங்குகிற சத்தம். காற்று முதுகுப் பக்கம் இருந்ததால் காற்று இருப்பதே தெரியவில்லை. தாமானை என் கையில் தந்து, "இழுக்காதீங்க, சும்மா பிடிச்சுக்கொண்டு இருங்க. பாய் கேக்கும், கேக்கிற அளவுக்கு விடுங்க" என்றீர்கள். பாயின் மூலையில் கட்டிய ஒரு சாதாரணக் கயிறு. அதற்குள்ளால் காற்றின் கனம் முழுவதும் என் உள்ளங்கைக்கு வந்தது. கணக்கு வாத்தியார் கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசிவரை அந்தக் கயிறு கிடைக்காமலே கரை சேர்ந்தான். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

டச்சுக்குடாவின் வாய்க்கு நேரே போகும்போது கடல் எண்ணெய் பூசிய மாதிரிக் கிடந்தது. பிறகு கோணேசர் மலை. மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குள் எட்டிப்பார்த்தே பழகிய எங்களுக்கு, கீழேயிருந்து அந்தக் கல்லைப் பார்ப்பது வேறாக இருந்தது. கோயில் சின்னதாகவும் கல் பென்னம்பெரியதாகவும் தெரிந்தது. பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்து, அந்த நிலத்திலேயே கோட்டை கட்டினார்கள். இடிந்த தூண்களில் சில இந்தக் கடலுக்கடியில் கிடக்கின்றன. வங்கிக்காரன் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். நீங்கள் அவன் நிமிரும்வரை படகின் முகத்தை மாற்றவில்லை. அதையும் கண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சண்டை.

மலையின் மறைவு விட்டதும் காற்று ஒரு பக்கமாக வந்து அறைந்தது. படகு சாய்ந்தது என்று சொல்லமாட்டேன், தூக்கி வைத்த மாதிரி இருந்தது. டொக்டர் தன் காலை இடியப்பம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்தான். கரைப்பக்கம் பார்த்தால் தண்ணீர் தட்டையாகத்தான் இருந்தது. நீங்களோ கரையைப் பார்க்கவே இல்லை, கிழக்கே பார்த்தீர்கள். பொடியனிடம் "பெரிய பாயை இறக்கு" என்றீர்கள். திரும்பப் போகிறோம் என்பது எங்களுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.

"கடல் சும்மாதானே கிடக்கு நானா?" என்று கேட்டது நான்தான்.

"கரையோரம் அப்பிடித்தான் கிடக்கும் தம்பி. காத்து தரையில இருந்து வருது. போறது லேசு. வாறதுதான் பாடு."

"எங்களுக்கு நீந்தத் தெரியும்" என்றான் டோஹாக்காரன்.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டீர்கள். குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டமாதிரிதான் இருந்தது. அதுதான் அவனுக்குக் கோபம்.

நீங்கள் சொன்னதைப் பிறகு நானே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கச்சான் காற்றை எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், உடுப்புக் காயவைக்கிற காற்றாக. தென்மேல் பருவக்காற்று மேற்குப் பக்கத்து மலைகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் சூடாக நம்மூருக்கு இறங்கி வருகிறது. வறுத்த நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். அது எங்கள் மடியில் ஒரு பை நிறைய இருந்தது, இது எங்களுக்கு விளங்கவில்லை. தரையிலிருந்து கிளம்புகிற காற்றுக்குக் கரையோரத்தில் அலை எழுப்ப இடம் கிடைக்காது. வெளியே போகப் போக ஓடுவதற்குத் தண்ணீர் கிடைக்கும், அலை கட்டும், முகட்டில் நுரை உடையும். மற்ற நாட்களில் வெயில் ஏறத் தரை சூடாகிக் கடற்காற்று உள்ளே வரும், கச்சான் அடங்கும், படகுகளும் அதோடு கரைக்கு வரும். கச்சான் பலமான நாளில் அந்தக் கடற்காற்று வந்து சேராது. அன்றைக்கு நீங்கள் ஆறு மணியிலிருந்து காத்திருந்தது அதற்காகத்தான். வெள்ளாப்பில் காற்று ஏறுவதற்கு முன்பே நிலாவெளிக்குப் போய்விட வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கை நாங்கள் ரோல்ஸ் வாங்கப் போய்க் கெடுத்தோம்.

பாய்மரமோ எஞ்சினோ மோசம் செய்தால் காற்று எங்களைக் கிழக்கேதான் தள்ளியிருக்கும். திருகோணமலைக்கு நேர் கிழக்கே அடுத்த கரை நிக்கோபார். ஆயிரம் கிலோமீட்டருக்கும் கூடுதல். இதை வீட்டில் வரைபடம் விரித்துப் பார்த்தபோதுதான் டோஹாக்காரனிடம் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது.

திரும்பி வந்தது எப்படி என்று மற்ற நால்வரும் கவனிக்கவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் கவனித்தேன். பாய்ப்படகு காற்றுக்கு நேரெதிரே போகாது. உள்துறைமுக வாசல் காற்று வருகிற திசையிலேயே இருந்தது. இடப்பக்கம் ஒரு ஓட்டம், பாயை மாற்றி வலப்பக்கம் ஒரு ஓட்டம், மாடு உழுகிற மாதிரிக் குறுக்கும் மறுக்கும். போக நாற்பது நிமிடம், வர ஒன்றரை மணித்தியாலம். ஒவ்வொரு திருப்பத்திலும் கோணேசர் மலை கொஞ்சம்தான் நகர்ந்தது.

அதன்பிறகு எங்களைச் சமாதானப்படுத்த நீங்கள் உள்துறைமுகத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். சோபர் தீவு, சீனக்குடாப் பக்கம் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பான் விமானங்கள் குண்டு போட்ட துறைமுகம் இது என்று வாத்தியார் எங்களுக்கே பாடம் எடுத்தான். பிறகு தெற்கே கொட்டியாரக் குடாவைக் காட்டி நொக்ஸ் என்ற இங்கிலாந்துக்காரனின் கதையைத் தொடங்கினான். 1659 இல் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் முறிந்த கப்பல், புது மரம் வெட்டிப் போட இந்தக் குடாவுக்கு வந்தது. 1660 இல் கண்டி அரசனின் ஆட்கள் கப்டனையும் மகன் ரொபர்ட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பன் அங்கேயே செத்தான். மகன் தப்பி வெளியே வர 19 வருடம் ஆனது. நீங்கள் முழுவதையும் கேட்டுவிட்டு, "மரம் கிடைச்சதா?" என்று மட்டும் கேட்டீர்கள். வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை.

பாலம் வருவதற்கு முன்பு கிண்ணியாப் பாதையில், ஆட்களை அக்கரை சேர்க்கிற அந்த மிதவையில், வேலை செய்ததைப் பற்றியும் சொன்னீர்கள். 2009 இல் 396 மீற்றர் பாலம் திறந்த அன்றைக்கு ஊரே சந்தோஷப்பட்டது, நானும் சந்தோஷப்பட்டேன், வேலையும் போனது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தீர்கள். யாரும் தொடர்ந்து கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம்.

இனிக் காசு. புறாத்தீவுக்குப் பேசிய தொகை, புறாத்தீவுக்குப் போகவில்லை, ஆகவே ஐயாயிரம் ரூபாய் குறை என்றான் வங்கிக்காரன். கணக்கு என்று பார்த்தால் பிழை இல்லாத மாதிரித்தான் கேட்டது. நீங்கள் வாதாடவில்லை, எண்ணிப் பார்க்கவும் இல்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். படகு உங்களுடையது இல்லை என்பதும், முதலாளிக்குக் கட்டவேண்டியது கட்டாயம் கட்டவேண்டும் என்பதும், குறைந்தது உங்கள் பங்கில்தான் என்பதும் இரண்டு நாள் கழித்துத் தேத்தண்ணிக் கடையில் உங்கள் பொடியனைக் கண்டபோதுதான் தெரிந்தது. அவனாகச் சொல்லவில்லை. நான்தான் பிடுங்கிக் கேட்டேன், அவனை ஏசாதீர்கள்.

அடுத்தநாள் காலையில் உப்புவெளிக் கரையில் போய் நின்றேன். முழங்கால் தண்ணீர் கண்ணாடி. தூரத்தில், வானம் தொடுகிற கோட்டில், கடல் அரிவாள் பல்லு மாதிரி இருந்தது. முப்பத்தாறு வருடமாக அந்தக் கரைக்குப் போய் வருகிறேன், அந்தக் கோட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. நாங்கள் வளர்ந்தது யுத்த காலம். கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும், பொழுது பட்டால் கரையில் நிற்கக் கூடாது, குடாவின் பாதி தடைசெய்த இடம். அது ஓயுமுன் 2004 மார்கழி 26, சுனாமி. அதற்குப் பிறகு அம்மா கடல் பக்கத்து யன்னலையே திறக்கவிடவில்லை. அதனால் எங்களுக்குக் கடல் என்றால் ஒரு நீலச் சுவர், கல்யாண அல்பத்துக்குப் பின்னால் நிற்கிறது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நீங்களும் இதே காலத்தில்தான் இருந்தீர்கள், அதற்குள்ளும் கடலைப் படித்திருக்கிறீர்கள்.

ஐயாயிரத்தைப் பொடியனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். வங்கிக்காரனும் பாதி போட்டான், கேட்காமலே. டோஹாக்காரன் இன்னும் நாங்கள் ஏமாந்ததாகத்தான் சொல்கிறான், அவனை விடுங்கள்.

பங்குனியில் ஊருக்கு வருவேன். திமிங்கிலம் வரத் தொடங்குகிற காலம் அது என்று சொன்னீர்கள், கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்ட இருப்பதால் அவையும் கிட்ட வரும் என்று. அப்போது கச்சானும் இராது. ஐந்தே முக்காலுக்குத் துறையில் நிற்பேன், சாப்பாடு முந்தின இரவே கட்டிவிடுவேன். தாமானை ஒருதரம் வாத்தியாரிடமும் கொடுங்கள், இல்லாவிட்டால் என்னை நிம்மதியாக இருக்கவிடமாட்டான்.

அப்புறம், டொக்டரின் இடது செருப்பு படகில் கிடந்தால் எறிந்துவிடுங்கள். வலது அன்றைக்கே இடியப்பத்தோடு போய்விட்டது.

அன்புடன்,
கேள்வி கேட்டவன்