குருத்து பத்திரம், செல்வி

பேராவூரணி,
ஐப்பசி.

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்ததிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலிதான் கூடியிருக்கிறது. இந்த வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டதால் சம்பா நட்ட வயல்கள் பச்சைப் பிடித்துவிட்டன. கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னம்பிள்ளைகளில் முக்கால்வாசி காய்ப்புக்கு வந்துவிட்டன. இளநீர் வெட்டும்போதெல்லாம் அம்மா உன்னைத்தான் கேட்கிறார்.

உன் கடிதமும் படமும் கிடைத்தன. டொராண்டோவில், வீட்டுத் தெற்குச் சுவரோரம், தொட்டியில்கூட இல்லை, தரையிலேயே விண்ட்மில் பாம் என்கிற ஒரு பனை! அதைச் சுற்றிக் கூடு கட்டி, உள்ளே விளக்குப் போட்டுக் குளிர்காலத்தைத் தாண்டவைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கரண்டுக்குப் பிடித்த கேடு என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்களாம். சொல்லட்டும், நீ செய். தோப்புக்குள்ளேயே வளர்ந்தவள் நீ. கண்ணில் ஒரு மட்டைகூடப் படாமல் இத்தனை வருஷம் எப்படி இருந்தாய் என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் அடுத்த வருஷம் இங்கிருந்து நெற்று கொண்டுபோய்த் தென்னையும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாயே, அது வேண்டாம். பத்து டிகிரிக்குக் கீழே போனாலே தென்னை நோக ஆரம்பித்துவிடும். உறைபனி மட்டும் படாமல் காப்பாற்றும் கூடு அதற்குப் போதாது. உன் விண்ட்மில் பாம் வேறு சாதி, சீனத்து மலைப்பக்கத்தில் பனியைப் பார்த்தே வளர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனத் தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தாரே ராபர்ட் ஃபார்ச்சூன், அவர்தான் 1849-இல் இதையும் இங்கிலாந்துக்கு அனுப்பியவர்; தாவரவியல் பெயரிலும் அவரே இருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டைச் சுற்றி நம் தென்னையின் பன்னாடை மாதிரியே நார். சீனாவில் அந்த நாரில் கயிறு திரிப்பார்கள், முன்பெல்லாம் மழைக்குப் போர்த்திக்கொள்ளவும் பின்னினார்கள். நன்றாக வேர் பிடித்த மரம் மைனஸ் 10, 12 டிகிரி வரை பெரிய சேதமில்லாமல் நிற்கும். உங்கள் ஊரில் சில ராத்திரி மைனஸ் 20-ஐத் தொடுகிறதே, அந்த ராத்திரிகளுக்குத்தான் கூடு.

கொடுக்கிற சூட்டைக் குருத்துக்காகக் கொடு. வேம்பை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்கும் பனைக்கும் உச்சியில் இருக்கும் அந்த ஒரு குருத்துதான் உயிர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்து ஓய்ந்தபோது, ஓலையெல்லாம் பிய்ந்து மொட்டையாக நின்ற மரங்கள் குருத்து தப்பியதால் பிழைத்தன. கழுத்து முறிந்ததில் ஒன்றும் தேறவில்லை. அதனால் மார்ச்சில் கூட்டைப் பிரிக்கும்போது ஓலை பழுத்துக் காய்ந்து கிடந்தாலும் மனசு விட்டுவிடாதே, முதலில் குருத்தைப் பார்.

உள்ளே ஐந்து டிகிரி இருந்தால் தாராளம். பாவமே என்று இருபது டிகிரிக்குச் சூடேற்றினால், வெளிச்சமில்லாத பெட்டிக்குள் வெளிறிப்போய்ச் சோகையாக ஓலை விடும். அதைத் தூங்க விடு. இரண்டு டிகிரிக்கு இறங்கினால் தானே எரியவைத்து, ஏழு டிகிரியில் அணைக்கிற பிளக் அங்கே கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய், அதையே வாங்கு. விளக்குச் சரம் பழைய இழை பல்பாக இருக்கட்டும். எல்.இ.டி.யில் வெளிச்சம் வரும், சூடு அவ்வளவாக வராது. சூடு மேலே ஏறும் என்பதால் சரத்தைத் தண்டின் அடியிலிருந்தே சுற்றிவா. பல்பு எதுவும் தெர்மோகோல் பலகையிலோ காய்ந்த நாரிலோ உரசக் கூடாது. பன்னாடை எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்று அடுப்பு மூட்டிய நமக்குத் தெரியாததா! வேரைச் சுற்றிச் சருகை முழங்கால் உயரத்துக்குக் கொட்டு. ஓலைகளை மேலே சேர்த்துக் கட்டும்போது நடுக் குருத்தை இறுக்கிவிடாதே.

குளிரைவிட எனக்கு ஈரத்தின் மேல்தான் பயம். இங்கே இந்த மாசம் பூராவும் அதே கவலைதான். உச்சியில் தண்ணீர் தேங்கினால் குருத்தழுகல் வந்துவிடும். நேற்று மரமேறுகிறவர் ஒரு தென்னம்பிள்ளையில் நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார், சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடி பழுப்பாகக் கூழாகி, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாற்றம். அழுகியதைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டு போர்டோ பசை தடவியிருக்கிறார். நூறு கிராம் மயில்துத்தம், நூறு கிராம் சுண்ணாம்பு, இரண்டையும் அரை அரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியாகக் கரைத்துக் கலப்பது. பிழைக்கும் என்கிறார். உன் மரம் நெஞ்சுயரம்தான், நின்றபடியே இழுத்துப் பார்க்கலாம். கூட்டை மூடும் முன் சில நாள் மழை படாமல் உச்சியைக் காயவிட்டு, அங்கே கிடைக்கிற செம்பு மருந்து ஏதாவது தெளித்துவிடு. வெயில் அடிக்கிற நாளில் மூடியைத் திறந்துவை. வெளியே பனி கிடந்தாலும் மூடிய பெட்டி வெயிலில் வெந்துவிடும், உள்ளே வேர்த்த ஈரமும் குருத்தில்தான் இறங்கும்.

இன்னொன்று, கரண்ட். 2013 டிசம்பரில் பனிமழை பெய்து டொராண்டோவில் மூன்று லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனதே, அப்படி ஒரு ராத்திரி வந்தால் என்ன செய்வாய்? கஜாவுக்கு அப்புறம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தவள் என்பதால் கேட்கிறேன். பழைய கம்பளிகளை இப்போதே எடுத்துவை; கரண்ட் போனதும் விளக்குச் சரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூட்டின் மேல் போர்த்திவிடு. உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் வெளியே ஒன்றும் வை. அடுத்த கடிதத்தில் இரண்டு கணக்கையும் எழுது, மறக்காதே.

தைப் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவருக்குக் கால் தரையில் இல்லை. ஆனால் அங்கே கடுங்குளிர் அடிக்கிற மாசம் அதுதானே? உன் வீட்டுக்காரரை நம்பி விட்டுவிட்டு வராதே. பெரியவனுக்குப் பொறுப்பு உண்டு, மூடியைத் திறந்து மூடவும் தெர்மாமீட்டர் பார்க்கவும் அவனை இப்போதே பழக்கு. டிக்கெட் போட்டதும் தேதி சொல், திருச்சிக்கு வண்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வாசுகி