நொச்சி வருகிறது, ஆடாதோடை வராது

அன்பு மகளுக்கு,

நொச்சி இலையைப் பார்சலில் போட்டுவிட்டேன். நீ கேட்ட ஆடாதோடைப் பொடியை வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. சின்ன வயதில் நெஞ்சுச்சளிக்குத் தேன் கலந்து கொடுத்த அதே கஷாயம்தானே, இப்போது மட்டும் என்ன என்று கேட்பாய்.

அந்த இலையின் முக்கியச் சரக்கு வாசிசின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடியிலேயே உண்டாகும் ஒரு வேதிப்பொருள். மூச்சுக்குழாயைத் தளர்த்தும், கெட்டிச் சளியை இளக்கும். மருந்துக்கடையில் விற்கிற ப்ரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால் என்ற சளி மருந்துகள் இரண்டும் அதன் வழியில் பிறந்தவைதான். வேலியோரத்துச் செடிக்கு இவ்வளவு மதிப்பு கிடைத்ததில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதே வாசிசின் கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும். விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள்; பிரசவ வலி வரவழைக்கப் போடும் ஆக்ஸிடோசின் மாதிரியே வேலை செய்கிறது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நீ அதை ஒரு ஸ்பூன்கூட குடிக்கக் கூடாது. பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

சரி, நொச்சி மட்டும் எப்படி என்றால், அது ஆவி பிடிக்க. இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, அது சபினீன், கேரியோஃபிலீன் போன்ற எண்ணெய்ப் பொருட்களின் வாசனை. கொதிநீரில் போட்டால் ஆவியோடு கிளம்புவது இவைதான். மூக்கடைப்பு விடுவதில் வெந்நீர் ஆவிக்கே பெரிய பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நொச்சி இலையில் உள்ள, வீக்கம் குறைப்பதாக எலிகளில் கண்ட காஸ்டிசின் போன்ற பொருட்கள் ஆவியில் ஏறாது, தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் எல்லாம் உள்ளே போகும். கர்ப்பிணிகள் குடிக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு ஆய்வு எதுவும் நடக்கவில்லை. அதனால் ஆவி பிடித்ததும் தண்ணீரைக் கீழே கொட்டிவிடு.

ஒரு கைப்பிடி இலை போதும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அசையாத இடத்தில் வைத்த பிறகு குனி. எரியும் அடுப்பின் மேலேயே குனிவதும், மடியில் வைத்துக்கொள்வதும் வேண்டாம். சுடுநீர் கவிழ்ந்து வெந்துபோனவர்கள் நிறையப் பேர். போர்வைக்குள் வேர்த்துக் கொட்டும்வரை இருக்காதே, இரண்டு மூன்று நிமிடம் போதும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிடு.

மீந்த இலையை நிழலில் உலர்த்தி அரிசி டப்பாவில் போட்டு வை, வண்டு அண்டாது. காய்ச்சல் வந்தாலோ, இருமும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்தாலோ எனக்குப் போன் செய்வதற்கு முன்னால் டாக்டரிடம் போ. மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா