90 நாள் விசுவாசம்: ஐ.டி நிறுவன மனிதவளத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். தரமணி தொடங்கி சிறுசேரி வரை ஓ.எம்.ஆர் சாலையில் நிற்கும் கட்டடங்கள் ஒன்றில் வேலை பார்ப்பவன் நான். எந்தக் கட்டடம் என்று கேட்காதீர்கள். எல்லா இடத்திலும் ஆஃபர் லெட்டர் ஏறக்குறைய ஒன்றுதான்: விலகுவதாகச் சொன்ன பிறகும் 90 நாள் வேலை பார்க்க வேண்டும் என்ற நோட்டீஸ் பீரியட் உட்பட. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அமெரிக்க க்ளையன்ட்டுகளோடு கால் பேசும்போது நீங்களும் கேட்டிருப்பீர்கள். டீமில் இன்னொருவர் பேப்பர் போட்டுவிட்டார், அதாவது ராஜினாமா கொடுத்துவிட்டார் என்றதும் ஓஹையோவிலோ டெக்சாஸிலோ இருக்கும் மேலாளர், "எல்லாரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலுக்குள் போய்விட்டார்கள்" என்று அலுத்துக்கொள்வார். அவர் ஊர்க் கல்லூரி ஃபுட்பால் வீரர்கள் (அமெரிக்க ஃபுட்பால், நம் கால்பந்து அல்ல) ஓர் இணையப் பதிவேட்டில் பெயர் கொடுத்து வருஷத்துக்கொரு கல்லூரி மாறுவதைச் சொல்கிறார். நம் மேலாளர்களும் இப்போது அதைக் கடன் வாங்கிப் பேசுகிறார்கள். இந்தத் தலைமுறைக்கு விசுவாசம் கிடையாது, இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் ஓடிவிடுவார்கள் என்பது அதன் பொழிப்புரை. சரி, அந்த ஒப்புமையையே எடுத்துக்கொள்வோம். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தாமல் சொல்வோம்.

நம் ஊரில் கல்லூரி ஆட்டம் பார்க்க ஹாஸ்டல் பையன்கள் வந்தாலே அதிகம். அங்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் உட்காரலாம். தொலைக்காட்சி உரிமை நூறு கோடி டாலர் கணக்கில் விலை போகிறது. ஆடுகிற பையனுக்கு மட்டும் நெடுங்காலம் படிப்புச் செலவோடு சரி. அவன் மாணவன், ஊழியன் அல்ல என்று கல்லூரி விளையாட்டை நிர்வகிக்க 1906-இல் தோன்றிய என்.சி.ஏ.ஏ அமைப்பு சாதித்து வந்தது. அவன் கல்லூரி மாற வேண்டுமானால் பழைய கல்லூரியிடம் அனுமதி கேட்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேறு கல்லூரிப் பயிற்சியாளர் அவனோடு பேசவே கூடாது. மாறிய பிறகும் ஃபுட்பால், கூடைப்பந்து போன்ற பெரிய ஆட்டங்களில் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் அவர்கள் சொன்ன காரணம் மாணவர் நலன்.

பேக்கர் மேஃபீல்ட் என்ற குவாட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்தும் வீரர்) 2013-இல் டெக்சாஸ் டெக் அணிக்கு ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்தவர். வந்த வருஷமே முதல் ஆட்டத்தில் இறங்கினார். அடுத்த ஆண்டு ஓக்லஹோமாவுக்குப் போனார். பழைய கல்லூரி தடையில்லை என்று எழுதித் தர மறுத்துவிட்டது. 2014 முழுக்க உட்கார்ந்தார். இரண்டு கல்லூரிகளும் ஒரே கூட்டமைப்பில் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழுவில்) இருந்ததால், ஆடும் தகுதியிலும் ஒரு வருஷத்தைக் கழித்துக்கொண்டார்கள். கவனியுங்கள், இவருக்கு அந்தக் கல்லூரி ஸ்காலர்ஷிப்பே கொடுத்திருக்கவில்லை. 2016-இல் கூட்டமைப்பு விதியைத் திருத்திய பிறகுதான் பறிபோன வருஷம் திரும்பக் கிடைத்தது. அப்படித் திரும்பி வந்த 2017-ஆம் ஆண்டில்தான் அவர் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மனை வாங்கினார். அதற்கடுத்த இரண்டு ஆண்டு ஹைஸ்மனும் கல்லூரி மாறியவர்களுக்கே போனது: கைலர் மர்ரி, ஜோ பர்ரோ. வேலையிலிருந்து விடுவித்ததாகச் சொல்லும் ரிலீவிங் லெட்டருக்காக மாதக்கணக்கில் மெயில் போட்டுக்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்கு மேஃபீல்டின் கதையை விளக்க வேண்டியதில்லை.

இனி மறுபக்கம், அதாவது பயிற்சியாளர்கள். 2021 நவம்பர் கடைசியில், ஓரிரு நாள் இடைவெளியில், லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டுத் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும், பிரையன் கெல்லி நோட்ரே டேமை விட்டு எல்.எஸ்.யூ என்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். நோட்ரே டேமுக்கு அந்த வருஷப் பிளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்று) வாய்ப்பு இன்னும் கையில் இருந்தது. கெல்லிக்குப் புது இடத்தில் பத்து ஆண்டுக்குச் சுமார் 9.5 கோடி டாலர். 2025 அக்டோபரில் எல்.எஸ்.யூ அவரையும் நீக்கியது. அந்த நாற்காலிக்கு லேன் கிஃபினைக் கூட்டி வந்தது. கிஃபின் விட்டுவந்த மிசிசிப்பி அணி அப்போது பிளேஆஃப் வாசலில் நின்றுகொண்டிருந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023-இல் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்பியபோது, இனி பயிற்சி தராமல் இருப்பதற்கே அவருக்கு 7.5 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியிருந்தது. பயிற்சியாளர் இடம் மாறினால் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

கல்லூரிகளின் விசுவாசம் இதைவிட வேடிக்கை. பசிபிக் கரைக் கல்லூரிகளின் பாக்-12 கூட்டமைப்பின் வேர் 1915-க்குப் போகிறது. தொலைக்காட்சிப் பணத்தைத் துரத்தி ஒவ்வொன்றாக விலகியதில், 2024-இல் அங்கே மிஞ்சியவை இரண்டே கல்லூரிகள். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் இப்போது ஆடுவது அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில். உலக வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றங்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? 2018-இல் அனுமதி கேட்கும் முறை போய்ப் போர்ட்டல் வந்தது. 2021 ஜூனில், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ வைத்த உச்சவரம்பு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. இரண்டாம் முறை மாறுபவர்களை மட்டும் இன்னும் உட்கார வைத்துக்கொண்டிருந்த விதியை 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியா கூட்டாட்சி நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024-இல் அதுவும் ஒழிந்தது. 2025 ஜூனில் முடிந்த ஒரு சமரசத்தில், முன்னாள் வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் நிலுவை கொடுக்கவும், கல்லூரிகள் நேரடியாகவே சம்பளம் போலப் பணம் கொடுக்கவும் வழி பிறந்தது. நூறு வருஷம் பிடித்து வைத்திருந்ததை ஏழு வருஷத்தில் விட வேண்டியதாயிற்று.

இப்போது அங்கே நடப்பது அழகாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டால் பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம், புது இடம் கிடைக்காமலும் போகலாம். 2024 டிசம்பரில் மார்ஷல் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் வேறிடம் போனார், வீரர்கள் கூட்டமாகப் போர்ட்டலுக்குள் போனார்கள், ஆட வேண்டியிருந்த கோப்பை ஆட்டத்துக்கே அந்த அணி வரவில்லை. இதைக் காட்டித்தான் பழைய விதியே மேல் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலம் கடக்கும் முன்பே கொஞ்சம் விட்டுக் கொடுத்திருந்தால், விதியை எழுதும் பேனா அவர்கள் கையிலேயே இருந்திருக்கும்.

அந்தப் பேனா இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கிறது.

நம் துறையின் நோட்டீஸ் பீரியட் 90 நாள். பல ஆஃபர் லெட்டர்களில், நிறுவனம் நினைத்தால் அந்த நாள்களுக்குச் சம்பளத்தைக் கொடுத்து இன்றைக்கே கணக்கை முடிக்கலாம். ஊழியன் பணம் கட்டி முன்னதாகப் போக நினைத்தால் மேலாளரின் தயவு வேண்டும். 2022-இல் ஆஃபர் வாங்கி, இரண்டு வருஷம் காத்திருந்து, 2024-இல் இன்ஃபோசிஸில் சேர்ந்த பயிற்சி ஊழியர்களில் 300-க்கும் மேற்பட்டோர், தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூருவிலிருந்து அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ் சுமார் 2 சதவீதம் பேரை, 12,000-க்கும் அதிகமானவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தது. வியாபாரத்தில் ஆள் குறைப்பு நடக்கும், அதைத் துரோகம் என்று நான் சொல்லவில்லை. பேப்பர் போட்டவனை மட்டும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனாகப் பார்க்காதீர்கள் என்கிறேன்.

உங்களுக்கும் ஒரு நியாயமான குறை உண்டு. ஆஃபரை ஏற்றுக்கொண்டு, சேரும் நாளன்று போனை அணைத்து வைக்கும் ஆட்கள். எனக்குத் தெரிந்தவர்களிலும் இருக்கிறார்கள், அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்தச் சந்தையை நடத்துவதே உங்கள் 90 நாள்தான். ஒருவனுக்குப் புது வேலை உறுதியாகி மூன்று மாதம் கழித்துத்தான் சேர முடியும் என்றால், அந்த மூன்று மாதமும் அவன் கையில் ஒரு ஆஃபர் இருக்கிறது, ரெஸ்யூமே இணையத்தில் இருக்கிறது, தினமும் ஒரு ரெக்ரூட்டர் கூப்பிடுகிறார். முதல் ஆஃபரைக் காட்டி இரண்டாவது, இரண்டாவதைக் காட்டி மூன்றாவது. இதற்கிடையே பழைய நிறுவனமும் கவுன்டர் ஆஃபரோடு வரும். அப்ரைசலில் 'பட்ஜெட் இல்லை' என்ற அதே மேலாளருக்குப் பேப்பர் போட்ட மறுநாள் எங்கிருந்தோ பட்ஜெட் வந்துவிடும். 30 நாளில் விட்டுவிட்டால் இந்த ஏலம் நடக்கவே நேரம் இருக்காது.

குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கும் பாண்ட் பற்றிப் பேசினால் நீங்கள் 2025 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவீர்கள். விஜயா வங்கி வழக்கு. மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்றது நீதிமன்றம். உண்மைதான். ஆனால் அங்கே விலகியவர் ஒரு மேலாளர். பொதுத்துறை வங்கி, விளம்பரம் கொடுத்துத் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. முதல் சம்பளமே கடனில் கழியும் ஃப்ரெஷரின் சான்றிதழை வாங்கி லாக்கரில் பூட்டுவதற்கு அந்தத் தீர்ப்பு உரிமம் தரவில்லை. போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனைக்கோ, வேலையை விட்ட பிறகு, நம் நாட்டில் உயிரே கிடையாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதைச் செல்லாது என்கிறது. (அந்தப் பிரிவு நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்ட் எழுதிய வரைவிலிருந்து வந்தது. அதே வரைவை அதே 1872-இல் கலிஃபோர்னியாவும் எடுத்துக்கொண்டது. ஆளை விடாத ஒப்பந்தத்தை ஏற்காத மாநிலத்தில்தான் சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர்ந்தது.) தெரிந்தும் அந்த வரியை ஆஃபர் லெட்டரில் வைத்திருக்கிறீர்கள். வழக்குப் போட அல்ல, பயமுறுத்த.

விசுவாசமே பொய் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜேலன் ஹர்ட்ஸ் அலபாமாவின் குவாட்டர்பேக். 2018 ஜனவரியில், அட்லாண்டாவில் ஜார்ஜியா அணிக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தில், கோடிக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இடைவேளையோடு அவரை உட்கார வைத்துவிட்டு இன்னொருவரை இறக்கினார் பயிற்சியாளர் நிக் சேபன். அணி ஜெயித்தது. அடுத்த சீசனில் ஹர்ட்ஸ் போகவில்லை, மாற்று ஆளாகவே இருந்தார். டிசம்பரில் அதே அட்லாண்டா மைதானம், எதிரே அதே ஜார்ஜியா. முதல் குவாட்டர்பேக்குக்குக் காயம், அணி பின்தங்கியிருந்தது. ஹர்ட்ஸ் இறங்கி 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார். அந்த மாதமே பட்டப்படிப்பை முடித்தார், அடுத்த மாதம் ஓக்லஹோமாவுக்குப் போனார். பட்டம் முடித்தவர் என்பதால் ஒரு வருஷம் உட்காரும் விதி அவருக்கு இல்லை. அலபாமாவில் அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. இருந்ததும் அவர் முடிவு, போனதும் அவர் முடிவு. 2025 பிப்ரவரியில், தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் சிறந்த வீரர் விருதை வாங்கியபோது அலபாமாக்காரர்களும் கைதட்டியிருப்பார்கள்.

உங்கள் நிறுவனத்திலும் பத்து, பதினைந்து வருஷம் இருப்பவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் ஹர்ட்ஸ் போல விரும்பி இருக்கிறார்கள், எத்தனை பேர் 90 நாளுக்கும் வீட்டுக்கடனுக்கும் பயந்து இருக்கிறார்கள் என்பது விலகியவர்களைக் கணக்கெடுக்கும் உங்கள் அட்ரிஷன் அறிக்கையில் தெரியாது. கதவு திறந்திருந்தால்தான் தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நோட்டீஸை இரண்டு பக்கத்துக்கும் 30 நாளாக்குங்கள். ஊழியன் முன்னதாகப் போக மேலாளர் தயவு வேண்டுமென்றால், நீங்கள் முன்னதாக அனுப்பவும் அவன் சம்மதம் வேண்டும் என்று எழுதுங்கள். அது பிடிக்காவிட்டால் இருவருக்குமே வேண்டாம். ஆஃபர் கொடுத்துவிட்டுச் சேரும் தேதியைத் தள்ளிப்போட்டால், காத்திருக்கும் மாதங்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுங்கள். 27-ஆம் பிரிவின்படி செல்லாத அந்த வரியை அடுத்த அச்சில் எடுத்துவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் போர்டு ஒப்புதல் வேண்டும், க்ளையன்ட் ஒப்பந்தம் இடிக்கும் என்பீர்கள். இருக்கலாம். கடைசி வேலை நாளன்று மாலை லேப்டாப்பை வாங்கிக்கொள்ளும் அதே கவுன்டரில் ரிலீவிங் லெட்டரைக் கொடுப்பதற்கு யார் ஒப்புதலும் வேண்டாம். வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம்.

இப்படிக்கு,
நோட்டீஸ் பீரியடில் இல்லாத ஒரு ஊழியன்,
ஓ.எம்.ஆர், சென்னை