அபராதம் சரி, நாலு மாதம் கழித்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களக்காட்டில் வாழைத்தார் வியாபாரம் செய்கிறேன். ஜூன் 18 அன்று என் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. பிப்ரவரி 9-ஆம் தேதி பணகுடி பக்கம் நான்குவழிச் சாலையில் என் கார் அதிவேகமாகப் போனதாம். அபராதம் 1,000 ரூபாய்.

அந்தக் காரை நானும் ஓட்டுவேன், மருமகனும் ஓட்டுவார், தூரமாகப் போனால் ஆக்டிங் டிரைவர் வருவார். அன்றைக்கு ஓட்டியது யார் என்று இப்போது எப்படிச் சொல்வது? சலானில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேரியரில் இரண்டு செவ்வாழைக் குலை, நைலான் கயிறு போட்டுக் கட்டியது. நாகர்கோவில் கல்யாணம்! குலையைக் கட்டிக்கொண்டு அந்த வேகத்தில் போயிருக்கிறோம், வெட்கக்கேடுதான். வீட்டம்மாவின் மொய் நோட்டைப் புரட்டினால், மொய் 2,001-க்குக் கீழே ‘டிரைவர் பேட்டா 900’ என்று இருந்தது.

டிரைவர் தம்பிக்குப் போன் போட்டேன். அபராதத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. “அண்ணாச்சி, லைசென்ஸுக்கு ஒண்ணும் வந்துராதுல்லா?” என்றார். அதிவேகத்துக்கு லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம். அவர் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. மொய் நோட்டு மட்டும் இல்லையென்றால் நான் மருமகன் பேரைச் சொல்லியிருப்பேன்.

என் அக்கா மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே வண்டிச் சொந்தக்காரருக்கு 14 நாளுக்குள் நோட்டீஸ் வந்துவிட வேண்டுமாம். அதிவேகத்துக்கு லைசென்ஸில் 3 அபராதப் புள்ளி ஏறும். மூன்று வருடத்தில் 12 ஆனால் லைசென்ஸ் பறிபோகும். கொஞ்சம்தான் வேகம் கூடியிருந்தால், காசு கட்டி ஒரு வகுப்பில் உட்கார்ந்து புள்ளியைத் தவிர்க்கலாம். இவனும் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறான்.

இங்கேயும் விதி இல்லாமல் இல்லை. கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ சொல்கிறது. 2021-லேயே வந்துவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி இணையத்தில் புகார் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

வேகமாகப் போனது தப்பு, அபராதத்தைக் கட்டிவிடுகிறேன். ஆனால் 15 நாள் தாண்டி வரும் சலானை வைத்து யாருடைய லைசென்ஸிலும் கை வைக்கக் கூடாது. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் இதற்கு ஓர் உத்தரவு போட வேண்டும்.

இப்படிக்கு,
வாழைத்தார் வியாபாரி, களக்காடு