ஒரு சோடி கம்பளி மேஸ்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்றுப் பின்னேரம் மழை விட்ட நேரம் பார்த்து, என்னோடு நேபாள மலைக்கு வந்த தோழி படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கை முடியும் வரை தனியாக நடந்து போய்த் திரும்பி வந்தாள். நானும் அவளுடைய அம்மாவும் விறாந்தையில் நின்று, பார்க்காதவர்கள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. வந்து உட்கார்ந்து, "என்ன ரெண்டு பேரும் முழிச்சுக்கொண்டு நிக்கிறியள், தேத்தண்ணி இல்லையோ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் துணிவு வந்தது.

மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் அவளுக்கு வருத்தம் வந்து, ஹெலிகொப்டரில் ஏற்றிக் கொண்டுவர வேண்டி வந்தது என்பதற்கு மேல், என்ன நடந்தது என்று திரும்பவும் எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு எங்கள் அம்மாக்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. மிச்சப் பேருக்கு அம்மாக்களே சொல்லியிருப்பார்கள். அவளுடைய பெயரையும் எழுதவில்லை. "சந்தைக்குப் போனாலே எல்லாரும் பார்க்கினம், இனிப் பேரும் வேணுமோ" என்கிறாள். பருத்தித்துறைக்காரி என்று போட்டால் போதுமாம்.

முதலில் கும்பலாக நன்றி சொல்லிவிடுகிறேன். கோபிக்க வேண்டாம், ஆளாளுக்கு எழுதினால் இது முடியாது. பள்ளிக்கூடத் தோழிகள் ஒரே இரவில் வட்ஸ்அப்பில் காசு சேர்த்தீர்கள். யார் எவ்வளவு தந்தீர்கள் என்ற கணக்கை இன்றுவரை எனக்குக் காட்ட மறுக்கிறீர்கள். ரொறன்ரோ மாமி, நடுச்சாமத்தில் நித்திரையால் எழும்பி வந்து பேசிய இலண்டன் வைத்தியர் அண்ணா, பொக்கராவில் எங்களுக்காக இந்தியில் வாதாடிய மதுரைக்காரத் தம்பி, அம்மாவைப் பருத்தித்துறைக்கும் கொக்குவிலுக்குமாக ஏற்றி இறக்கி ஒரு சதமும் வாங்காத ஓட்டோ அண்ணை, செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் கந்தசட்டி விரதத்தோடு எங்கள் இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்த ஊர் அம்மாமார், எல்லோருக்கும் நன்றி. எங்கள் வழிகாட்டிப் பெடியனுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டவர் மலைப்பாதைகளில் நடக்கக்கூடாது என்று நேபாளத்தில் 2023 ஏப்ரலில் விதி வந்தது. அவனைப் பிடித்த அன்று, இது வீண் செலவு என்று இரண்டு பேரும் தமிழில் புறுபுறுத்தோம். அந்த இரவு "காலையில் பார்க்கலாம்" என்று நான் சொன்னபோது, "இல்லை அக்கா, இப்பவே கீழே" என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன்தான்.

காப்புறுதிக்காரருக்கு நன்றி இல்லை. 3000 மீற்றருக்கு மேல் என்ன நடந்தாலும் தங்கள் பொறுப்பில்லை என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். படிக்காதது எங்கள் பிழை. போகிறவர்கள் படியுங்கள்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விசயம்.

எங்களுக்கு ஏன் இந்த வேலை என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிதம் புதுப்பிக்கிற தற்காலிக வேலைகளில் இரண்டு பேரும் நாலு வருசம் இருந்தோம். வேலையை விட்டோம் என்பதைவிட, அடுத்த கடிதத்தை வாங்கப் போகவில்லை என்பதுதான் சரி. கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. சார்க் நாட்டுக்காரருக்கு நேபாளத்தில் 30 நாள் விசாவுக்குக் காசு இல்லை. அன்னபூர்ணா அடிவார முகாம் 4130 மீற்றர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயரமானவை பனையும் கோபுரமும்தான், ஏறிப் பழக மலைக்கு எங்கே போவது? கோட்டை மதிலில் ஏறி இறங்கிப் பழகினோம். "காசு குடுத்து நடக்கப் போறியளோ?" என்று பெரியப்பா சிரித்தார். சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறாரே என்று நாங்களும் சிரித்தோம்.

ஏழு நாள் நன்றாகத்தான் போனது. சோம்ரொங்குக்கு மேலே இறைச்சி கொண்டுபோவதில்லை என்பது அங்குள்ள வழக்கம், மலையில் தெய்வம் இருக்கிறது என்கிறார்கள். அதுவும் கந்தசட்டிக் காலம் என்பதால் பருத்தித்துறைக்காரிக்கு அது வசதியாகவே போய்விட்டது. மச்சாபுச்சரே என்றால் மீன்வால் என்று பெடியன் சொன்னபோது, "எங்கடை கடலிலை இவ்வளவு பெரிய மீன் இல்லை" என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவளை நான் கடைசியாக முழுச் சந்தோசத்தில் பார்த்தது அந்த இடத்தில்தான். அடுத்த நாள் தோவானிலிருந்து மச்சாபுச்சரே அடிவார முகாம் வரை ஒரே நடையில் போனோம். கிட்டத்தட்ட 1100 மீற்றர் ஏற்றம். 3000 மீற்றருக்கு மேல் படுக்கிற இடத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாதது அல்ல. ஓர் இரவின் அறைக்காசு மிச்சம் என்று நினைத்தோம். பெடியன் சொல்லிப் பார்த்தான், நாங்கள் கேட்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் நன்றிக் கடிதம் பொய்க் கடிதமாகிவிடும். "ரெண்டு பெட்டையள் தனியப் போனால் இப்பிடித்தான்" என்று சொன்னவர்களுக்கும் இதுவே பதில். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது, அது ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை.

இரவு தேவ்ராலிக்கு இறங்கினோம். அவளைப் பெடியனும் இன்னொரு குழுவின் சுமைகாரரும் இரு பக்கமும் தாங்கிப் பிடித்து நடத்தினார்கள். நான் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வழியில் ஓர் ஓடையில் கல் உருண்டு என் இரண்டு காலும் முழங்கால் வரை தண்ணீருக்குள் இறங்கின. அது ஒரு விசயமாகவே அப்போது படவில்லை.

விடுதிக்குள் போனதும் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் போர்வை கொண்டுவந்தார். இரண்டு கொரிய மாணவர்கள் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சின்னக் கருவியைத் தந்தார்கள். பெடியன் ஹெலிகொப்டருக்குப் பேசிக்கொண்டிருந்தான். நான் வாசலோரம் பைகளோடு நின்று பதில் சொன்னேன். வயது என்ன, கடைசியாக எப்போது சத்தி எடுத்தாள், என்ன மருந்து போட்டாள், கடவுச்சீட்டு எண் என்ன, வீட்டில் யாரிடம் பேசலாம். எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் சொன்னேன் என்று பிறகு பெடியன் சொன்னான். எனக்கு ஒன்றும் நினைவில்லை. என்னைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் கட்டிலில் கிடப்பவளைத்தான் பார்த்திருப்பேன்.

அப்போது குசினியிலிருந்து ஒரு பெண் வந்தாள். விடுதிக்காரி அல்ல, பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள். எனக்கு நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். என் தோளிலிருந்து பைகளை இறக்கி வைத்தாள். கையைப் பிடித்து இழுத்துப் போய், அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தில் உட்கார வைத்தாள். குனிந்து என் சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே வந்துவிட்டேன், அதற்குத்தான் என்று நினைத்து, சொறி, சொறி என்று மன்னிப்புக் கேட்டபடி நானே அவிழ்க்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "மோஜா, மோஜா" என்றாள். அங்கே மோஜா, எங்களிடம் மேஸ், அதாவது காலுறை. அது எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மேஸைக் கழற்றியபோது என் கால் விரல்கள் ஊற வைத்த உளுந்து மாதிரி வெளுத்துப் போயிருந்தன. பாத்திரம் கழுவின சுடுதண்ணீரின் சூடு அவளுடைய கையில் இன்னும் இருந்தது. அந்தக் கையால் இரண்டு பாதங்களையும் தேய்த்துவிட்டாள். பிறகு றப்பர்ச் செருப்பைக் கழற்றி, தான் போட்டிருந்த கம்பளி மேஸை உருவி எனக்குப் போட்டுவிட்டாள். பச்சையும் சிவப்பும் கலந்த மேஸ், ஒரு குதிகாலில் வேறு நிற நூலால் ஒட்டுப் பின்னல். உள்ளே அவளுடைய காலின் சூடு அப்படியே இருந்தது.

அதுவரைக்கும் நான் அழவில்லை. அந்தச் சூட்டுக்குத்தான் அழுதேன்.

அவள் தேற்றவில்லை. திரும்பிப் போய்ச் சட்டி கழுவினாள். கொஞ்ச நேரத்தால் ஒரு கிண்ணத்தில் சோறும் பருப்பும் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டு, முடிக்கும் வரை முன்னால் நின்றாள், அம்மம்மா நிற்பது மாதிரி. நான் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், 3200 மீற்றர் உயரத்து ஐப்பசிக் குளிரில் வெறுங்காலோடு செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். காசை நீட்டினேன், கையை மூடிவிட்டாள். விடிய மேஸைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஹெலிகொப்டர் வந்த அவசரத்தில் அப்படியே ஏறிவிட்டேன். அவளுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. எல்லோரையும் போலத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டேன்.

அந்த மேஸ் இப்போது எங்கள் வீட்டுக் கொடியில் தொங்குகிறது. கழுவிப்போட்டு மூன்று நாள், கார்த்திகை மழையில் காயவே மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உதென்ன, ஆனைக்குட்டிக்குத் தொப்பியோ?" என்று கேட்டா.

கொடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது மலை இல்லை, பெரியாஸ்பத்திரி. அப்பா அங்கே பதினொரு நாள் இருந்தபோது அம்மாதான் துணைக்கு நின்றா. பார்க்கப் போனவர்கள் எல்லோரும் அப்பாவுக்குத் தோடம்பழமும் மா ரின்னும் கொண்டுபோனோம். நான் ஒவ்வொரு நாளும் போய் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "டொக்டர் என்ன சொன்னவர்?" அவவும் வாசலோரம் நின்று சரியாகப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தா. சாப்பிட்டீங்களா, எங்கே படுத்தீங்கள், கால் வீங்கியிருக்கே என்று நான் கேட்டதாக நினைவில்லை. வந்த பிறகு அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப ஆர் கேக்கிறது அதெல்லாம்" என்றா, பெரிய விசயம் இல்லை என்ற மாதிரி. ஒரு கிழமை கழித்து, நான் கேட்காமலே, அந்தப் பதினொரு நாளும் இரவில் கதிரையில் இருந்தபடியேதான் நித்திரை கொண்டதாகச் சொன்னா.

ஆகவே ஒரு நேர்த்தி வைத்திருக்கிறேன். சந்நிதியானுக்கு அல்ல, தேவ்ராலித் தீதிக்கு. இனி யாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரை முதலில் பார்ப்பேன். போன கிழமை தொடங்கியும் விட்டேன். சித்தப்பாவைப் பார்க்கப் போனபோது, அடுத்த கட்டிலில் ஒரு கிழவருக்குத் துணையாக நின்ற பெண்ணிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டு, பிட்டுப் பார்சலை நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாங்கள் மதம் மாற மாட்டம்" என்றா. விளங்கப்படுத்திப் பார்சலைக் கையில் கொடுக்கப் பத்து நிமிடம் ஆனது. பழகப் பழகச் சரிவரும் என்று நினைக்கிறேன்.

சேர்த்த காசில் மிச்சம் இருக்கிறது. தந்தவர்களிடம் கேட்டுத்தான் அதை என்ன செய்வதென்று முடிவெடுப்போம். பருத்தித்துறைக்காரிக்கு இன்னும் ஒருமுறை கிளினிக் இருக்கிறது, அதற்குப் பிறகு வேலை தேட வேண்டும். எனக்கும்தான். கடிதம் புதுப்பிக்கிற வேலை என்றாலும் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது, நாளைக்கு மாறலாம். திரும்பவும் மலைக்குப் போவீர்களா என்று கேட்பவர்களுக்கு அவள் தரும் பதில்: "அந்த மீன் வாலை வடிவாப் பார்க்கேல்லை." அவளுடைய அம்மா இதைப் படிக்க மாட்டா என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கடைசியாக ஓர் உதவி, இவ்வளவு செய்த உங்களிடம் இன்னொன்று கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. மேஸைத் திருப்பி அனுப்புவதா வைத்திருப்பதா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. வைத்திருந்தால் அவளுக்குப் புதிது ஒன்று அனுப்ப வேண்டும். நுவரெலியாவில் கைப்பின்னல் மேஸ் வாங்கித் தரக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அதோடு ஒரு குட்டான் பனங்கட்டி. பெடியன் பங்குனியில் திரும்ப மேலே போகிறானாம், அவளை அடையாளம் தெரியும், கொண்டுபோய்க் கொடுப்பேன் என்கிறான். அதற்கு முன் பொக்கராப் பக்கம் போகிறவர்கள் யாரும் இருந்தால் ஒரு சொல் சொல்லுங்கள். கனம் ஒரு கிலோவுக்குள்தான் வரும்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து